ஊத்தை தின்னும் மீனா? கல்லடி விறாந்தையில் கோரி வளர்த்த அனுபவம்

மீன் கடையில் கோரி என்ற சின்னக் கெளிற்று மீனைக் காட்டும்போது முதலில் சொல்லும் கதை, “இது அடியில் கிடக்கிற ஊத்தையைத் தின்னும், தொட்டி சுத்தமாக இருக்கும்” என்பதுதான். வாங்க வந்தவருக்கும் அது பிடித்துவிடும். கப்பி, மொலி, கோல்ட் பிஷ் என்று அழகுக்கு வாங்கி முடித்த பிறகு, துப்புரவு வேலைக்கென்று இரண்டு கோரியையும் சேர்த்துக்கொண்டு போவார்கள். சில மாதங்களில் அந்த இரண்டும் வயிறு ஒட்டிச் செத்துவிடும். “வெளிநாட்டு மீன், எங்கட ஊர்ச் சூட்டைத் தாங்காது” என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பல வருடங்களாக இந்த மீன் இருக்கிறது. இங்கேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் வளர்ந்து அவையும் முட்டையிட்டிருக்கின்றன. ஆகவே ஊருக்குத் தாங்காது என்ற கதையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நம்முடைய வெயில், கிணற்றுத் தண்ணீர், கரண்ட் வெட்டு, மாரி மழை எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியவை. தொடங்கும்போதே ஹீட்டர் வாங்கச் சொல்லும். சித்திரை மாதம் மட்டக்களப்பில் ஹீட்டர்!

நான் பேசுவது பழுப்பும் பச்சையும் கலந்து மினுங்கும் வெண்கலக் கோரியைப் பற்றி. விஞ்ஞானப் பெயர் கோரிடோரஸ் ஏனியஸ். 1858-ல் தியோடர் கில் என்ற அமெரிக்க மீனியலாளர் திரினிடாட் தீவு மீன்களை வைத்து இதை விவரித்தார். அந்தத் தீவிலிருந்து, தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலைகளுக்குக் கிழக்கே லா பிளாட்டா ஆற்றுப் படுகை வரை பரந்திருக்கிறது. 2024-ல் கோரிகளை வகைப்பாட்டாளர்கள் பல பேரினங்களாகப் பிரித்தபோது இதை ஒஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்காரருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சிவப்புக் கண்ணும் வெளிறிய உடம்புமாக, “வெள்ளைக் கோரி” என்று விற்பதும் பெரும்பாலும் இதே மீனின் அல்பினோ, அதாவது நிறமி இல்லாத வகைதான். வளர்ந்த பெண் மீன் 6 முதல் 7 சென்டிமீட்டர் வரும், ஆண் கொஞ்சம் சிறிது. செதிலுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசை எலும்புத் தகடுகள். வாயோரம் மீசை. நம் குளத்துச் சுங்கானுக்கும் கெளிற்றுக்கும் தூரத்துச் சொந்தம்.

முதலில் அடிமண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பிழை அங்கேதான் தொடங்குகிறது. கோரி மூக்கைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைக்கும். ஒரு வாய் மணலை எடுத்து, தின்னக்கூடியதை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். நாள் முழுக்க அதற்கு இதே வேலைதான். கடையில் விற்கும் நீலக்கல், மஞ்சள் கல் போட்ட தொட்டியில் அது என்ன செய்யும்? கல்முனையில் இருக்கும் என் மருமகனின் தொட்டியில் அப்படித்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது கோரிகளுக்கு மீசையே இல்லை, வெறும் கட்டை. “மாமி, இது மீசை இல்லாத சாதியோ?” என்று கேட்டான். கல்லின் கூர் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், கற்களுக்கிடையில் விழுந்த தீனி எடுக்க ஆளில்லாமல் அழுகிக் கிடந்தது. அந்த அழுகலில் பெருகும் பக்டீரியா மீசையை அரித்துவிடும். கல்லை எல்லாம் அள்ளிவிட்டு மணல் போட்டு, தண்ணீரை ஒழுங்காக மாற்றத் தொடங்கிய பிறகு மீசை மெல்ல மெல்ல வளர்ந்தது. அடியோடு போயிருந்தால் அதுவும் வளராது.

கல்லடியில் இருந்துகொண்டு மணலுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்க மாட்டார்கள், கடற்கரை கூப்பிடு தூரம். ஆனால் கடல் மணல் வேண்டாம். அதில் சிப்பித்தூள் நிறைய இருக்கும். அது தண்ணீரில் கரைந்து கடினத்தன்மையையும் பீ.எச். என்ற அமில கார அளவையும் ஏற்றிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி காய்ந்த மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சிப்பி இருக்கிறது. தவிர, அனுமதி இல்லாமல் கடற்கரையில் மண் அள்ளுவது சட்டப்படியும் பிழை. கட்டட வேலைக்கு இறக்கும் ஆற்று மணல் போதும். பக்கத்தில் எங்காவது வீடு கட்டினால் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, கீழே விழுவதை எடுத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். என் தொட்டியில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போடுவதில்லை. கனமாகப் போட்டால் அடியில் காற்றுப் படாமல் கறுத்து நாறும்.

இனி எண்ணிக்கை. ஆறுக்குக் குறைந்து வாங்காதீர்கள். இது கூட்டமாகவே வாழும் மீன், தனியாக விட்டால் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மீனை வைத்துச் செய்த ஆய்வுகளில், கூட்டத்தில் ஒன்றையொன்று உடம்பால் தட்டித் தட்டிச் சேர்ந்து நகரும் பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். ஒன்று கிளம்பும்போது பக்கத்தில் கிடப்பதை இடித்துவிட்டுத்தான் கிளம்பும். இரண்டே இரண்டை வைத்திருப்பவர்கள் இந்த மீனின் பாதி அழகைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆறு மீனுக்கு இரண்டடி நீளமும் ஒரு அடி அகலமும் உள்ள தொட்டி வேண்டும். உயரம் அவ்வளவு முக்கியமில்லை, அடிப்பரப்புத்தான் முக்கியம்.

தீனி விஷயத்தில் கடைக்காரரின் கதையை அடியோடு மறந்துவிடுங்கள். கோரி பாசி தின்னாது. மற்ற மீன்களின் கழிவையும் தின்னாது. மேலே கப்பிகள் விட்டுவைக்கும் துணுக்கை நம்பி விட்டால் அது பட்டினிதான். இயற்கையில் இதன் உணவு புழு, பூச்சிக் குடம்பிகள், சின்னச் சின்ன ஓட்டுயிர்கள், கூடவே கொஞ்சம் தாவரத் துணுக்கு. அதனால் அடியில் தாழும் தீனி வாங்குங்கள். இரவு லைட்டை அணைத்துவிட்டுப் போடுங்கள், அந்த நேரத்தில் கப்பிகள் தூங்கப் போயிருக்கும். நமக்கு வாய்த்த இன்னொரு வசதி வாவி இறால். கறிக்கு வாங்கும்போது இரண்டு இறாலை ஒதுக்கி, கோது உரித்துப் பொடிப்பொடியாக வெட்டி, கழுவிவிட்டுப் போடுவேன். மண்புழுவும் அப்படித்தான், வாழையடியில் ஈரமண்ணைக் கிளறினால் கிடைக்கும். கான்களில் அள்ளி விற்கும் சிவப்புப் புழுவை நான் வாங்குவதில்லை, அந்தக் கான் தண்ணீரில் என்னவெல்லாம் இருக்கும் என்று தெரிந்த பிறகு மனம் வரவில்லை. நுளம்புக் குடம்பி நல்ல தீனி என்று சிலர் வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பதைத் தடுக்க 2007-ம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. டெங்கு காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தால் “இது மீனுக்கு, சேர்” என்று சொல்லித் தப்ப முடியாது.

தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கிற ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், ஆவணி வந்தால் வாயில் வைக்கும்போதே லேசாகக் கரிக்கும். வீடுகள் நெருக்கமாகவும் கழிவறைக் குழிகள் கிணற்றுக்குப் பக்கத்திலும் இருந்தால் நைத்திரேற்றும் கூடும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் பைப் தண்ணீரில் உப்புத் தொல்லை இல்லை, ஆனால் குளோரின் இருக்கும். அதை ஒரு நாள் திறந்த வாளியில், முடிந்தால் ஏர் கல்லும் போட்டு வைத்துவிட்டுப் பாவிக்க வேண்டும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் மருந்தைப் பாவிக்கலாம், அது அனேகமாகச் சோடியம் தயோசல்பேட்தான். கிணற்றுத் தண்ணீரையும் இறைத்த கையோடு ஊற்றக் கூடாது. நிலத்தடித் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு அதிகம். ஒரு இரவு வாளியில் கிடந்தால் இரண்டும் சரியாகிவிடும்.

புதுத் தொட்டிக்கு முதல் மீனாகக் கோரியை விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா பில்டரில் குடியேற ஒரு மாதமளவு எடுக்கும். கழிவும் மிச்சத் தீனியும் வந்து சேரும் அடியிலேயே கிடப்பது கோரி, அதனால் முதலில் அடிபடுவதும் அதுதான். சூடான தண்ணீரிலும் பீ.எச். கூடிய தண்ணீரிலும் அதே அளவு அமோனியா கூடுதலாக நஞ்சாகும். நம் ஊர்த் தண்ணீரில் பல இடங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, சூட்டுக்கு வருவோம். இந்த மீனுக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸ் நல்லது என்று எழுதுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் விறாந்தைத் தொட்டி பின்னேரத்தில் 30 பாகையைத் தாண்டிவிடும். மீன் சூட்டில் வேகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையான நெருக்கடி மூச்சில் இருக்கிறது. 25 பாகைத் தண்ணீர் லீட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறைந்துவிடும். அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கும், அதற்கு ஒட்சிசன் கூடுதலாக வேண்டும். தண்ணீரில் அழுகிற ஒவ்வொன்றும் வேகமாக அழுகி, இருக்கிறதையும் தின்றுவிடும்.

இந்த இடத்தில் கோரிக்கு ஒரு கைகாரத்தனம் இருக்கிறது. அடியில் கிடந்த மீன் திடீரென்று அம்பு போல மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே ஓடிவிடும். அந்தக் காற்று குடலின் பின்பகுதிக்குப் போகும். அங்கே மெல்லிய சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்திருப்பதால், குடலே ஒட்சிசனை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சக் காற்று பின்வழியால் வெளியேறும். எப்போதாவது இப்படி மேலே வந்து போவது வழமை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா மீன்களும் மாறி மாறி மேலே ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீரில் ஒட்சிசன் போதவில்லை அல்லது தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நான் முதலில் பார்ப்பது இதைத்தான், வெப்பமானி எல்லாம் பிறகு. காற்று விழுங்க வழி இருக்க வேண்டும் என்பதால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல், மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஏதாவது படிந்தால் ஒரு தாளை விரித்துப் போட்டு இழுத்து எடுத்துவிடுவேன்.

சூட்டைக் குறைக்கச் செய்தவற்றில் மிகவும் உதவியது தொட்டியை இடம் மாற்றியதுதான். மேற்குச் சுவரில் பின்னேர வெயில் அடித்து, அந்தச் சூடு இரவு வரை சுவரில் நின்றது. வீட்டின் கிழக்குப் பக்கம், ஓட்டுக் கூரைக்குக் கீழே, நிலத்துக்குக் கிட்ட வைத்த பிறகு கணிசமான வித்தியாசம். தகரக் கூரையும் சீட் கூரையும் போட்ட வீடுகளில் இது இன்னும் முக்கியம். அடுத்தது சின்ன மேசை பேன். மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீரின் மேல்மட்டத்தை உரசிக் காற்றுப் போகும்படி வைத்தால், ஆவியாவதால் இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் காற்று உலர்ந்த காற்று, அந்தக் காலத்தில் பேன் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் நிறைந்த நாட்களில் அவ்வளவு இறங்காது. ஐஸ் போத்தல் போடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரேயடியாக இறங்கி மறுபடியும் ஏறுவது மீனுக்குக் கூடுதல் தொல்லை.

பேன் போட்டால் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே நிற்கும். வற்றிய அளவுக்குக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால், ஆவணி முடியும்போது தொட்டித் தண்ணீர் கிணற்றை விடக் கடினமாகியிருக்கும். அதற்காகத்தான் மாரியில் பீலியால் வரும் மழைத் தண்ணீரைப் பெரிய பரலில், நுளம்பு புகாமல் மூடிக் கட்டிச் சேர்த்து வைக்கிறேன். வற்றும் இடத்துக்கு அதை ஊற்றுவேன். வெயில் மாதங்களில் தீனியையும் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் மீன் வளர்த்தவர்களின் பாடு பெரும்பாடு. எனக்குத் தெரிந்த ஒருவர் விலை கூடிய வெளிப் பில்டர் வைத்திருந்தார். மோட்டார் நின்றதும் மூடிய பெட்டிக்குள் ஒட்சிசன் தீர்ந்து பக்டீரியா செத்து, கரண்ட் வந்தபோது அந்த அழுகல் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் திரும்பிவிட்டது. மலிவான ஸ்பொஞ்ச் பில்டர் தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் அந்த ஆபத்து குறைவு. அந்தக் காலத்தில் நான் தீனியை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கினேன். பற்றரியில் ஓடும் ஏர் பம்பை இரவில் மட்டும் போட்டேன். பகலில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவது வீட்டில் எல்லோருக்கும் முறை வைத்த வேலை. குடலால் மூச்சு விடத் தெரிந்த கோரிகள் அந்த மாதங்களைக் கடந்துவிட்டன. இப்போதும் சூறாவளி மழை வந்தால் கரண்ட் போய்விடும், அதனால் பற்றரிப் பம்பை எடுத்து வைத்திருப்பது நல்லது.

இனி முட்டை விஷயம். இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் தானாக வந்துவிடும். இயற்கையில் மழைக்காலம் தொடங்கி, ஆற்றில் குளிர்ந்த புதுத் தண்ணீர் வரும்போது கோரி முட்டையிடும். வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் குளிர்ந்த தண்ணீரை மாற்றி அந்த மழையைப் போலச் செய்து பார்ப்பார்கள். நமக்கு அந்த நடிப்பு வேண்டியதில்லை. ஐப்பசி கடைசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் வெப்பநிலை தானாக இறங்கும், மென்மையான தண்ணீர் வானத்திலிருந்தே வரும். புரட்டாசியிலிருந்து இறாலும் மண்புழுவுமாகக் கொடுத்துத் தேற்றி வைத்திருந்தால் பெண் மீன்கள் மேலிருந்து பார்க்கும்போது ஆண்களை விட அகலமாகத் தெரியும். முதல் மழைகளில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போக விட்டுவிட்டு, பிறகு வரும் மழைத் தண்ணீரைப் பிடித்து, பின்னேரம் தொட்டியில் மூன்றிலொரு பங்கை மாற்றுவேன். அனேகமாக அடுத்த நாள் காலையில் ஓட்டம் தொடங்கிவிடும்.

ஆண்கள் பெண்ணைத் துரத்தும். பிறகு ஒரு ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் வயிற்றோடு வாயை வைத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் ஆணின் விந்தைப் பெண் வாயால் குடித்து, அது குடல் வழியாகச் சில நொடிகளில் வெளியேறி, வயிற்றுத் துடுப்புகளுக்கிடையில் பிடித்திருக்கும் முட்டைகளில் படுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-ல் எழுதினார்கள். மூச்சுக்கும் அந்தக் குடல், இதற்கும் அந்தக் குடல்! அதன் பிறகு பெண் கண்ணாடியில் ஒரு இடத்தை வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை அங்கே ஒட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிறுகும். இப்படியே காலை முழுக்க நடக்கும். நன்றாகத் தேறிய பெண் நூறுக்கு மேலும் இடும்.

ஓய்ந்ததும் முட்டைகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இட்டவையே தின்றுவிடும். ஒட்டிய முட்டை கெட்டியானது. கொஞ்ச நேரம் விட்டு விரலால் உருட்டினால் உடையாமல் கையோடு வரும். அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, மெதுவாக ஏர் விட்டு, கொட்டாங்காய் மரத்தின், அதாவது நாட்டு வாதுமையின், காய்ந்த இலை ஒன்றைப் போட்டு வைப்பேன். அந்த இலைச் சாயம் பூஞ்சணத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வெள்ளையாகி நூல் கட்டும் முட்டைகளை உடனே பொறுக்கிவிடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பரவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். முதல் இரண்டு நாள் வயிற்றில் இருக்கும் கருவூணே போதும்.

குஞ்சு சாவது அனேகமாக அதற்குப் பிந்திய இரண்டு கிழமைகளில்தான், காரணம் தின்னாமல் மிஞ்சி அழுகும் தீனி. அவித்த முட்டை மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். தண்ணீர் அரை நாளில் கெட்டுவிடும், நான் அதைத் தொடுவதில்லை. நல்லது ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் ஓட்டுயிரின் புதிதாகப் பொரித்த குஞ்சுகள். அதன் முட்டைப் பக்கெட் விலை 2022-க்குப் பிறகு கையைச் சுடுகிறது, ஆனால் பொரிக்க வைக்கக் கடல் தண்ணீர் நமக்கு இலவசம். ஒரு போத்தலில் பிடித்து, துணியில் வடித்து, ஏர் விட்டால் ஒரு நாளளவில் பொரிக்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். அது இல்லாத நாட்களுக்கு மைக்ரோ வேர்ம் என்ற நுண்புழுவை ஓட்ஸ் கூழில் வளர்த்துக்கொள்ளலாம். பெட்டியின் அடியைத் துப்புரவாக்க, பாமசியில் வாங்கிய புதுச் சேலைன் டியூபை விட நல்ல கருவியை நான் காணவில்லை. காலையும் மாலையும் அடியை உறிஞ்சி, எடுத்த அளவுக்குப் பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றினால் பாதிக்கு மேல் தப்பும்.

மீனைப் பிடிக்கும்போது கவனம். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் இருக்கும் முள்ளை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் மீனும் காயப்படும், வலையும் கிழியும். கோப்பையால் மடக்கிப் பிடிப்பது சுலபம். குத்தினால் கடுக்கும். சுங்கான் குத்து வாங்கியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைத்தால் குறைந்துவிடும். பயந்தால் முள்ளடிச் சுரப்பியிலிருந்து நஞ்சும் விடும் என்பதால், ஒரே பையில் அடைத்துத் தூரம் கொண்டுபோவது ஆபத்து. குறைந்த மீன், இரட்டைப் பை, நிறையக் காற்று. இன்னொன்று, கப்பிக்கும் மொலிக்கும் நோய் வந்தால் ஒரு பிடி உப்புப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோரி இருக்கும் தொட்டியில் அதைச் செய்யாமல், நோயான மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அங்கே உப்புப் போடுங்கள்.

வெண்கலக் கோரி தவிர வேறு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பாண்டா கோரி பார்க்க மிக அழகு, ஆனால் பெருவின் குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தது, இங்கே வருந்தும். சார்ல்ஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து 1842-ல் விவரிக்கப்பட்ட பெப்பர் கோரியும் அப்படித்தான், அதை நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருக்கிறவர்கள் வளர்க்கட்டும். நம் கரைக்குப் பொருத்தமானது ஸ்டெர்பாய் கோரி. பிரேசில், பொலிவியா எல்லையில் குவாபோரே ஆற்று மீன், 28 பாகையில் கூடச் சுகமாக இருக்கும். விலைதான் கூட.

மீன் அலுத்துவிட்டால் வாவியிலோ மாமாங்கக் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்தே வந்த இன்னொரு கெளிறான டேங்க் கிளீனர், இப்படி விடுபட்டு நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கோரி அந்த அளவுக்குப் போகுமா என்று சோதித்துப் பார்க்க நம் குளங்கள் ஆய்வுகூடம் இல்லை. வேண்டாமென்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். குஞ்சு ஒரு அங்குலம் தாண்டினால் கடைக்காரர் சந்தோசமாக எடுப்பார். நான் காசு வாங்காமல் தீனிப் பக்கெட்டாக வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கப் போகும்போது மூன்று விஷயத்தைப் பாருங்கள். மீசை முழுதாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது. அடியில் கிளறிக்கொண்டிருக்க வேண்டும், மூலையில் சாய்ந்து கிடப்பதை எடுக்காதீர்கள். நம் கடைகளுக்குப் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்திலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்துதான் மீன் வருகிறது. பெட்டி இறங்கிய அன்றைக்கே வாங்க வேண்டாம். காத்தான்குடியில் நான் வாங்கும் கடைக் காக்காவிடம் (காக்கா என்றால் அங்கே அண்ணன்) முற்பணம் கொடுத்து, “ஒரு கிழமை உங்கட தொட்டியில நிக்கட்டும் காக்கா, தின்னுதா எண்டு பார்த்துப்போட்டு எடுக்கிறன்” என்று சொல்லிவிடுவேன். “நீங்க ஒரு ஆள்தான் டீச்சர் இப்படிக் கேக்கிற” என்று சிரிப்பார், ஆனால் ஒதுக்கி வைத்துத் தருவார். செத்தால் அவர் கணக்கு, தின்றால் என் கணக்கு.